ஆள் மாற்றும் நேரம்

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வேம்புலி அயர்ந்து தூங்கினான். வலது கை மட்டும் விழித்திருந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இல்லாத ஓர் உளுந்தை உருட்டிக்கொண்டிருந்தன.

சன்னலில் ஒட்டிய செய்தித்தாளை மீறிக் கசிந்த வெயிலில், சூட்டில் முறுக்கிக்கொள்ளும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சத்தத்துக்கும் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனைக்கும் நடுவே, அவன் பெண்சாதி கெங்கம்மாள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவாடு என்றால் உயிரை விடுகிறவனுக்கு இப்போது வாசனையே தெரிவதில்லை. அதுவும் நோயின் வேலைதானாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டி இருபத்திரண்டு வருஷம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி. உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு, அதை இவர் கன்னாபின்னாவென்று திருப்பிவிட்டார் என்றார் டாக்டர். அதனால் நோய் வந்ததா, நோய் வரப்போவதால் தூக்கம் முன்னாடியே கெட்டதா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. பார்க்கின்சன் என்று பேர் மட்டும் சொல்லி அனுப்பினார்.

வேலை போய் ஆறு மாசம். மெஷின் போகவில்லை. தூக்கத்தில் கையை நீட்டித் தகடு வைப்பான், காலால் மிதிப்பான். ஒருநாள் மிதி பத்மாவின் வயிற்றில் விழுந்தது. பத்தாவது படிக்கிற ஒரே பெண். அன்றிலிருந்து அவளை இந்த அறைக்குள் கெங்கம்மாள் விடுவதில்லை. இந்தச் சனியன் நம்மோடு ஒழியட்டும், பிள்ளையைத் தொடக்கூடாது.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. கண் திறக்காமலே கேட்டான் வேம்புலி.

"ஆள் வந்துச்சா?"

தினமும் இதே கேள்வி. கம்பெனியில் அது சட்டம். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து வாய்விட்டுச் சொன்னால்தான் மெஷினை விட்டு நகரலாம். இத்தனை நாளும் அவள் பதில் சொன்னதில்லை. இன்று, தூங்கியும் களைத்துக் கிடந்த அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நான் வந்துட்டேன்யா. நீ போ. மெஷின நான் பாத்துக்கறேன்."

கை நின்றது.

வேம்புலி சுவர்ப்பக்கம் புரண்டு குறட்டை விட்டான். அப்பாடா என்று எழுந்து தண்ணீர் மொண்டாள். சொம்பு தளும்பியது.

அவள் பெருவிரல்.

இடது கையால் அழுத்தினாள். உருண்டது. முந்தானையில் சுற்றினாள். உள்ளே உருண்டது. உட்கார்ந்தாள். வலது கால் தரையை மிதித்தது. டக். டக். நிறுத்த முடியவில்லை.

நாலரை. கதவு திறந்தது. பத்மா. தோளில் பள்ளிக்கூடப் பை. அம்மாவைப் பார்த்ததும் பதறி உள்ளே வந்துவிட்டாள்.

பேசாதே என்று கத்த நினைத்தாள் கெங்கம்மாள். முகம் மரத்திருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"ஆள் வந்துச்சா?"

"நான்தாம்மா, வந்துட்டேன். நீ போய்ப் படு. நைனாவ நான் பாத்துக்கறேன்."

கெங்கம்மாளின் கை நின்றது.

பையின் வாரைப் பிடித்திருந்த பத்மாவின் பெருவிரல் மெல்ல உருள ஆரம்பித்தது.