மூட்டத்தில் எண்ணிக்கை

லிப்டன் சீட் உச்சியில் தேத்தண்ணிக் கடை திறந்திருந்தது, கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது, ஆளைத்தான் காணோம். ஜீவராணிக்கு அது சரியாகப் படவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நாத்தனார் கலாராணி வெலிமடை பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிச் சிரிப்பாளே!

"எங்க மலையில ஏறி நின்னா கடலே தெரியும்" என்று மூன்று வருடமாகப் போனில் அளந்தவள் ஜீவராணிதான். கலா ஒரே ஒரு நாள் வந்திருந்தாள். மழையில் போகாதே என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். வீம்பு விட்டால்தானே? கலாவின் கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, ஆளுக்கொரு குடையோடு இருவரும் ஏறிவிட்டார்கள்.

"கடல் எங்க அண்ணி? எனக்கு என் கால்வெரலே தெரியல."

"மூட்டம் இப்பக் கலைஞ்சிடும்."

"கலைஞ்சு? வாங்க போவோம். புள்ள எந்திரிச்சா பாலுக்கு அழுவான்."

குறுக்குப்பாதையில் இறங்கினார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலையின் பச்சை வாசமும் ஈரமண்ணின் புளித்த வாசமும் மூக்கில் ஏற, இலைகளிலிருந்து சொட்டும் நீர் யாரோ பக்கத்தில் மெல்ல நடப்பதுபோல் கேட்க, வெள்ளை மூட்டம் முதலில் மலையையும் பிறகு பாதையையும் கடைசியில் கலாவையும் விழுங்கியது.

மூட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது கங்காணி சொல்லிக்கொடுத்த வழக்கம் ஒன்று உண்டு. முன்னால் போகிறவள் 'ஒன்னு' என்பாள். பின்னால் வருகிறவள் 'ரெண்டு' என்பாள். பேர் கிடையாது. நம்பர் கேட்கும் பக்கம் நடந்தால் போதும்.

"ஒன்னு."

"ரெண்டு."

கொஞ்ச தூரம் அது ஒழுங்காகத்தான் போனது. செருப்பு வார் நழுவ, ஜீவராணி குடையைச் சுருக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்து வாயைத் திறப்பதற்குள் வலப்பக்கமிருந்து சத்தம் வந்தது.

"ஒன்னு."

ஜீவராணியின் குரலேதான். இரண்டு நாளாய் அவளுக்கிருந்த சளித் தடிமனின் கரகரப்போடு.

"ரெண்டு" என்றபடி கலா அவளைக் கடந்து போனாள். கைநீட்டும் தூரம். ஜீவராணி எட்டிப் பிடித்தாள். கையில் வந்தது தேயிலைக் கிளை.

"கலா! நான் இங்க இருக்கேன்!"

"கலா! நான் இங்க இருக்கேன்!" என்றது வலப்பக்கம். இவளைவிடப் பாசமாக.

"வாறேன் அண்ணி, ஏன் ரெண்டு தடவ கத்துறீங்க?"

வலப்பக்கம் பாதை இல்லை. மூன்று வரிசைத் தேயிலை. பிறகு பாறை. பிறகு ஒன்றும் இல்லை.

ஜீவராணி தவழ்ந்தாள். தேயிலை முடிந்தது. கைக்குப் பாறை பட்டது. வழுக்கும் பாசி. அப்புறம் காற்று.

அலறல் இல்லை. கல் உருளும் சத்தம்கூட இல்லை.

"ஒன்னு."

"ரெண்டு."

கீழேயிருந்து அல்ல. நேர் எதிரே. அவள் கண்மட்டத்தில்.

காற்று ஒரு கணம் மூட்டத்தைக் கிழித்தது. அடியில் தரையே இல்லாத வெளியில், அவசரமில்லாமல், இரண்டு குடைகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன. பின்னால் போனது கலாவின் கறுப்புக்குடை. முன்னால் போனது ஓரம் கிழிந்த பூப்போட்ட குடை.

அதே குடை, சுருக்கியபடி, ஜீவராணியின் கக்கத்தில் இருந்தது.