அ முதல் ஓ வரை

பர்ஹத்துக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆறாம் வகுப்பில் அவள் கையெழுத்துதான் அழகு. எதை எழுதுவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மாலதி டீச்சர் வகுப்பில் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்திருந்தார். "தினமும் கொஞ்சமாவது எழுதணும். பார்த்தது, நினைச்சது, எது வேணும்னாலும் எழுதலாம்" என்று சொல்லியிருந்தார்.

முதல் நாள் பர்ஹத் எழுதினாள்: "காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பள்ளிக்கு வந்தேன். தூங்கினேன்." இரண்டாம் நாளும் எழுந்தாள், பல் தேய்த்தாள். மூன்றாம் நாள் நோட்டைப் பார்த்த டீச்சர் அடியில் சிவப்பு மையில் எழுதினார்: "பல் நன்றாகவே சுத்தமாகியிருக்கும். வேறு ஏதாவது நடந்ததா?"

பர்ஹத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவள் வீட்டுப் பின்பக்கம் நான்கு விசைத்தறிகள் உண்டு. அவை ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் உதட்டால் பேசுவார்கள். ஒருவர் சத்தமில்லாமல் வாயசைப்பார். மற்றவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு பதில் சொல்வார். "சோறு ஆறுது", "புளியங்குடி மாமா வந்திருக்காங்க" எல்லாம் இப்படித்தான். பர்ஹத் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிட்டாள்.

அன்று மாலை அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் தம்பி ஆதம், தறிச் சத்தத்தைத் தோற்கடித்தே தீருவது என்ற முடிவோடு, தொண்டை கிழிய "அ, ஆ, இ, ஈ" சொல்லிக்கொண்டிருந்தான்.

பர்ஹத் பேனாவை வாயிலிருந்து எடுத்தாள்.

பள்ளி இருக்கும் ஒவ்வொரு நாளும் ஓர் எழுத்து. அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல். அன்றைக்கு நடந்ததில் இருந்துதான் அதை எடுக்க வேண்டும். எந்த எழுத்தையும் தாண்டக் கூடாது. பொய் எழுதக் கூடாது. விளையாட்டின் விதிகளை அவளே போட்டுக்கொண்டு உடனே ஆரம்பித்தாள்.

"அ — அவித்த முட்டை. ஆதம் என் முட்டையையும் தின்றுவிட்டான். கோபம் வந்தது. அவன் ஏப்பம் விட்டதும் சிரிப்பு வந்தது. கோபம் இவ்வளவு சீக்கிரம் போய்விடும் என்று எனக்குத் தெரியாது."

மறுநாள்: "ஆ — ஆனந்த்சங்கர். திருவேங்கடத்தில் இருந்து புதிதாக வந்திருக்கும் பையன். பின்னால் இருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. சரியான திமிர்."

"இ — இடம். முதல் பெஞ்சில் இடம் பிடிக்க ஆனந்த்சங்கர் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறான். யாராவது அங்கே உட்கார்ந்தால் அழுதுவிடுவான் போல இருக்கிறான்."

"ஈ — ஈ. வகுப்பில் ஒரு ஈ வந்தது. டீச்சர் அதை விரட்டிவிட்டு, கரும்பலகையில் எழுதிக்கொண்டே 'நாற்பதாம் பக்கம் எடுங்க' என்றார். எல்லோரும் எடுத்தோம். ஆனந்த்சங்கர் மட்டும் என் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு எடுத்தான்."

"உ — உதடு. தறி ஓடும்போது அம்மாவும் அத்தாவும் உதட்டாலேயே சண்டை போட்டார்கள். சத்தமே இல்லை. ஆனாலும் அம்மா ஜெயித்தது தெரிந்தது."

ஒரு வாரம் பறந்தது. எழுத ஒன்றுமில்லை என்று அழுத பெண்ணுக்கு இப்போது ஓர் எழுத்துக்கு ஒரு பக்கம் போதவில்லை.

அந்த நேரத்தில்தான் வினாடி வினா வந்தது. ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் போட்டி. ஏழாம் வகுப்பு தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. ஆறாம் வகுப்பு அணிக்குப் பர்ஹத் தலைவி. அவளுடைய உயிர்த்தோழி பிரம்மநாயகி இரண்டாவது ஆள். எழுத்துத் தேர்வில் முதல் மார்க் வாங்கிய ஆனந்த்சங்கர் மூன்றாவது.

வெள்ளிக்கிழமை பயிற்சி. பிரம்மநாயகி டிவியில் வருகிறவர்களைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அங்கும் இங்கும் நடந்தபடி கேள்வி கேட்டாள். ஆனந்த்சங்கர் இரண்டுக்குப் பட்டென்று பதில் சொன்னான். ஐந்துக்குப் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

அவன் போனதும் பிரம்மநாயகி பொரிந்து தள்ளினாள். "ஏட்டி பர்ஹத், இவன வச்சுக்கிட்டு எப்படி ஜெயிக்க? ஒரு கேள்விக்குச் சொல்லுதான், அடுத்ததுக்கு முழிக்கான். நம்மள மதிக்கவே மாட்டேங்கான். வேற ஆளப் போடு."

திங்கட்கிழமை டீச்சரிடம் பெயர்களைக் கொடுக்க வேண்டும். அன்றைக்குத்தான் எல்லோருடைய நோட்டையும் டீச்சர் வாங்கிப் படிக்கப் போகிறார்.

அன்று மாலை பர்ஹத் எழுதினாள்: "எ — எரிச்சல். எனக்கும் பிரம்முவுக்கும் ஆனந்த்சங்கர் மேல் எரிச்சல். அவள் அவனுக்கு எதிரே நின்று கேட்டபோது பதில் சொன்னான். பின்னால் நடந்துகொண்டே கேட்டபோது சொல்லவில்லை."

எழுதி முடித்துவிட்டு, முன்பக்கங்களைப் புரட்டினாள். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாதவன். முதல் பெஞ்சுக்காகத் தவிப்பவன். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அடுத்தவர் புத்தகத்தைப் பார்ப்பவன்.

தறிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அம்மா உதட்டால், "டீ குடிக்க வா" என்றார்.

"வாரேன்" என்று பர்ஹத்தும் உதட்டால் சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆனந்த்சங்கர் மைதானத்தின் அந்தக் கோடியில், வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தான். பர்ஹத் இந்தக் கோடியில் நின்று கையசைத்தாள். அவன் பார்த்தான். அவள் துளிகூடச் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

"கடலை மிட்டாய் வேணுமா?"

"வேணும்" என்றான் ஆனந்த்சங்கர்.

பர்ஹத் ஓடிப் போய் ஒரு கடலை மிட்டாயை அவன் கையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பிறகு அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நீ சத்தமாவா கேட்ட?"

"இல்ல."

"யார்ட்டயும் சொல்லிராத" என்றான் மெதுவாக. "ஒரு காது சுத்தமாக் கேக்காது. இன்னொண்ணு பாதிதான் கேக்கும். பழைய ஸ்கூல்ல தெரிஞ்சதும் பேர் வச்சுக் கூப்பிட்டாங்க. இங்கனயாவது தெரியாம இருக்கட்டும்னு பாத்தேன். உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எங்க வீட்டுல தறி ஓடும். அப்போ நாங்க நாலு பேரும் உன்ன மாதிரிதான். உதட்டப் பாத்துத்தான் பேசுவோம்."

ஆனந்த்சங்கர் அவளை நம்பாமல் பார்த்தான். "நெசமாவா?"

"அம்மாவும் அத்தாவும் சண்டையே அப்படித்தான் போடுவாங்க."

அந்தப் பள்ளிக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவன் சிரித்தான்.

பர்ஹத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பையில் இருந்த நோட்டு கனத்தது. அவன் மறைக்க நினைத்ததெல்லாம் அதில் எழுத்து எழுத்தாக இருந்தது. அவள் நோட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இதுல உன்னப் பத்தி எழுதிருக்கேன். தெரியாம எழுதினது. ஆ பக்கத்துல திமிர்னு வேற எழுதிட்டேன், அது தப்பு. இன்னைக்கு டீச்சர் வாங்கிருவாங்க. நீ படிச்சுப் பாத்துச் சொல்லு. வேண்டாம்னா அத்தனை பக்கத்தையும் கிழிச்சிருதேன். டீச்சர் திட்டினா திட்டட்டும்."

அவன் நோட்டை வாங்கிக்கொண்டான். மத்தியானம் வரை திருப்பித் தரவில்லை.

சாப்பாட்டு மணி முடிந்ததும் நோட்டு வந்தது. ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. எ பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் சின்னச் சின்ன எழுத்தாக, வேறு ஒரு கையெழுத்து இருந்தது.

"ஏ — ஏன். நான் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று இதுவரை யாரும் யோசித்ததில்லை. பர்ஹத் யோசித்திருக்கிறாள். இந்த நோட்டை டீச்சர் படிக்கலாம். இப்படிக்கு, ஆனந்த்சங்கர்."

பர்ஹத் அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்க முடியாமல் எழுத்துகள் கலங்கின.

நோட்டை டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது ஆனந்த்சங்கர்தான். டீச்சர் நின்றபடியே அத்தனையையும் படித்தார். அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் அவருடைய பழக்கம் அன்றோடு போயிற்று. முதல் பெஞ்சின் ஓர இடம் இனி ஆனந்த்சங்கருக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார். ஆனந்த்சங்கரே விஷயத்தைச் சொன்னதும் பிரம்மநாயகி ஒரு நாள் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டிருந்துவிட்டு, மறுநாள் பர்ஹத்திடம் வந்து, "எனக்கும் அந்த உதட்டுப் பேச்சச் சொல்லித் தாட்டி" என்றாள்.

வியாழக்கிழமை பள்ளி அரங்கத்தில் போட்டி. கேள்வி கேட்க வந்தவர் தலைமையாசிரியர் நெல்லைநாயகம் சார். அவருக்கு மேலுதட்டை முழுசாக மூடும் மீசை. போதாததற்குக் கேள்வித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

ஆனந்த்சங்கர் பர்ஹத்தைப் பார்த்தான். பர்ஹத் நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சார் கேள்வியை வாசிக்க வாசிக்க, அவள் அதையே உதட்டால் அவனுக்குச் சொன்னாள். முதல் கேள்விக்குப் பதில் வந்தது. இரண்டாவதுக்கும் வந்தது. ஏழாம் வகுப்புக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஐந்தாவது கேள்வியில் அவர்கள் தலைவன் கபீர் எழுந்துவிட்டான். "சார், அந்தப் பிள்ள வாயசைச்சு விடையச் சொல்லிக் குடுக்கா."

மாலதி டீச்சர் எழப் போனார். அதற்குள் ஆனந்த்சங்கர் எழுந்து நின்றான். சாரை நேராகப் பார்த்தான். குரல் நடுங்கவில்லை.

"சார், எனக்குக் காது சரியாக் கேக்காது. உதட்டப் பாத்தாத்தான் புரியும். அவ விடையச் சொல்லல, நீங்க கேட்டதத்தான் திருப்பிச் சொல்லுதா."

இருநூறு பிள்ளைகள் இருந்த அரங்கத்தில் அவன் அதைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. நெல்லைநாயகம் சார் தாளைக் கீழே இறக்கினார். மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"இப்போ என் உதடு தெரியுதா பாரு."

"கொஞ்சம் தெரியுது சார்."

அரங்கமே சிரித்தது, சாரும் சிரித்தார். "மீதி நீ பாத்துக்கோம்மா" என்று பர்ஹத்திடம் சொன்னார். கபீர் உட்கார்ந்துகொண்டான்.

இரண்டு அணிகளும் சமமாக நின்றபோது கடைசிக் கேள்வி வந்தது. "எந்தக் கோள் தன்னைத் தானே ஒரு தடவை சுற்றுவதற்குள் சூரியனையே ஒரு தடவை சுற்றிவிடும்?"

கபீர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பிரம்மநாயகி நகத்தைக் கடித்தாள். பர்ஹத்துக்கும் விடை தெரியாது. கேள்வியை மட்டும் ஒரு சொல் விடாமல் உதட்டால் சொன்னாள். ஆனந்த்சங்கரின் கண்கள் அவள் உதட்டை விட்டு நகரவே இல்லை. அவள் முடிப்பதற்குள் அவன் கை மேலே போய்விட்டது.

"வெள்ளி, சார்."

"சரி" என்றார் நெல்லைநாயகம் சார்.

அவ்வளவுதான். ஆறாம் வகுப்பு மொத்தமும் பெஞ்சு மேல் ஏறிவிட்டது. பிரம்மநாயகி ஒரு கையால் பர்ஹத்தையும் மறு கையால் ஆனந்த்சங்கரையும் இழுத்துக்கொண்டு அரங்கத்தைச் சுற்றி ஓடினாள். கபீர் எழுந்து வந்து ஆனந்த்சங்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அன்று மாலை நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருக்க, பர்ஹத் நோட்டைத் திறந்தாள். பேனாவைக் கடிக்கவில்லை.

"ஓ — ஓ. இன்று எங்கள் வகுப்பு போட்ட சத்தம் இதுதான். எங்கள் தறிகூட இவ்வளவு சத்தம் போட்டதில்லை. 'எனக்கே நன்றாகக் கேட்டது' என்று ஆனந்த்சங்கர் சொன்னான்."