காற்று தாவிய இடம்

ஒடெஸா நட்டுவிட்டு வந்த அடையாளக் கொடிகள் திசை திரும்பியிருந்தன.

காற்று இல்லை. ஒரு பைன் ஊசிகூட அசையவில்லை. மிசிசிப்பியின் செம்மண் மேட்டில் பிற்பகல் வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து குனிந்து குனிந்து அவள் ஊன்றிய ஆரஞ்சு நிறக் கொடிகள், கம்பியோடு வளைந்து, காட்டின் விளிம்பிலிருந்த லாட்டிமர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பழைய சுழற்காற்றுகள் போன தடத்தைத் தேடி வரைபடத்தில் ஏற்றுவது அவள் வேலை. சாய்ந்த மரம் மக்கிப் போய்விடும். ஆனால் வேர் பெயர்ந்த பள்ளமும், அதை ஒட்டிக் குவிந்த மண்ணும் நூறு வருஷமானாலும் கிடக்கும். பள்ளத்திலிருந்து மண்மேட்டைப் பார்த்தால் மரம் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியும். அந்தத் திசைக்குக் கம்பியை வளைத்துவிடுவாள். தடத்தின் இரண்டு பக்கத்து மரங்களும் மீன்முள் போல நடுவை நோக்கிச் சாய்ந்து, வடகிழக்கே ஓட வேண்டும். காலையில் அப்படித்தான் ஓடின.

அலுவலகத்திலிருந்த மேலதிகாரி மெரிட்டைப் போனில் கூப்பிட்டு, கொடிகள் திரும்பிக் கிடப்பதைச் சொன்னாள்.

"அந்த வீட்டுக் கெழவர் பிடுங்கி நட்டிருப்பாரு. விட்டுட்டுக் கிளம்பு. நாளைக்குப் படம் அச்சுக்குப் போகுது. அந்த எடத்துல காத்து தரையைத் தொடாம தாவிடுச்சுன்னு பழைய அறிக்கையே சொல்லுதே."

"பட்டணத்துல கூரை பறந்ததை எழுதினாங்க. இந்தப் பக்கம் மில்லுல ஓடு சரிஞ்சதையும் எழுதினாங்க. நடுவுல கறுப்பு ஜனம் குடியிருந்த தோட்டத்துல மட்டும் தாவிடுச்சாக்கும்."

"காத்து அப்பப்போ தாவும் ஒடெஸா. தவளை மாதிரி."

"கெட்டிக்காரத் தவளைதான். யார் வீட்டை எண்ண மாட்டாங்கன்னு தெரிஞ்சு வெச்சிருக்கு."

போனை அணைத்துப் பைக்குள் திணித்தாள். அவளுடைய கொள்ளுத் தாத்தாவின் தங்கை லுவீனியா, புருஷன் பிள்ளைகளோடு இந்தத் தோட்டத்தில்தான் பருத்தி எடுத்தாள். காற்றடித்த ராத்திரிக்குப் பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை. வடக்கே ஓடிப்போய்விட்டார்கள் என்று தோட்டத்தார் சொன்னார்கள். தாவிப்போன காற்றில் யாரும் சாக முடியாதே. அதனால் அவர்களுக்குக் கல்லறை இல்லை, செத்தவர் கணக்கில் பெயரும் இல்லை. நாளை அந்தப் படம் அச்சானால் இனி எப்போதும் இருக்காது.

காட்டில் நடக்கலாம், வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்காரக் கிழவர் கார்விஸ் லாட்டிமர் அனுமதி கொடுத்திருந்தார். அவள் மிஞ்சியிருந்த ஒரே கொடியைக் கையில் பிடித்தபடி நேரே வீட்டுக்கு நடந்தாள். நடக்க நடக்க ஒரு வாசனை. இப்போதுதான் முறிந்த பைன் மரத்தின் பிசின் வாசனை, கிளறிய ஈர மண்ணின் வாசனை. முறிந்த மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மலை ஏறும்போது அடைப்பதுபோல் காது அடைத்தது. கடைசிப் பள்ளம் சமையலறைப் படிக்கட்டின் அடியிலேயே இருந்தது.

படியேறிக் கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

லாட்டிமர் சமையலறை நடுவில், ஒரு கம்பளத்தின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் தொடாத சோளரொட்டி. கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த தேநீர்.

"கொடியைத் தொட்டீங்களா?"

"இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கறதே எனக்குப் பாடு, பொண்ணே. நான் எங்க காட்டுக்குப் போறது?"

அவர் பொய் சொல்லவில்லை. முகம் வெளிறிக் கிடந்தது. தம்ளரில் தேநீர் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. மேஜை சரியாகத்தான் இருந்தது. தரைக்கு அடியிலிருந்து ஒரு முனகல். வாயை மூடிக்கொண்டு பல பேர் சேர்ந்து முனகினால் வருமே, அப்படி.

கம்பளம் உப்பியது. நாற்காலி ஆட, கிழவர் தடுமாறி எழுந்து சுவரோடு ஒட்டினார். நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"அந்தக் கம்பளத்து மேல ஏறி நில்லு. சீக்கிரம். என் ஒருத்தன் கனம் போதல."

பயத்தில் யோசிக்காமல் ஏறி நின்றாள். கம்பளம் விலகியது. காலடியில் பலகைக் கதவு. விளிம்பு முழுக்க ஆணித் தலைகள், துருப்பிடித்து, நெருக்கமாக. வெளியிலிருந்து அடித்தவை.

"என்ன இது?"

"புயலுக்குப் பதுங்கற குழி. இங்க பருத்தி எடுத்தவங்க வடக்கே போக மூட்டை கட்டிட்டாங்க. ஒரு ராத்திரி உள்ள அடைச்சா புத்தி வரும்னு தோட்டம் வெச்சிருந்த எங்க தாத்தா நெனச்சாரு. அன்னிக்குன்னு பாத்துக் காத்து வந்துச்சு. குழி வாசல் மேல மரம் விழுந்துடுச்சு."

"மரத்தை நகத்தியிருக்கலாமே."

"நகத்தினா வெளிய வந்து சொல்லுவாங்களே." கிழவர் உதட்டை நக்கிக்கொண்டார். "சத்தம் ஓயற வரைக்கும் பொறுத்துக்கிட்டுத்தான் மேல வீடு கட்டினாரு. எங்க தாத்தா கெட்டவரில்ல."

ஓயற வரைக்கும்.

பொறுத்துக்கிட்டு.

அவள் உள்ளங்காலில் ஒரு தட்டல். சின்னது. பிள்ளையின் கை அளவுக்கு.

"நகராத பொண்ணே. நீ நல்ல குடும்பத்துப் பொண்ணு."

"எந்தக் குடும்பம்னு நீங்க கேக்கவே இல்லையே."

அவள் இறங்கினாள்.

ஆணிகள் எழுந்தன. சத்தமில்லாமல். ஒன்றன்பின் ஒன்றாக.

கதவு மேலே எழும்பியது.

கைகள். செம்மண் பூசிய கைகள். பெரியவை, சிறியவை, மிகச் சிறியவை. குழியின் நான்கு விளிம்பிலிருந்தும் வந்தன. எதுவும் எதையும் பற்றவில்லை. தரையில் மெதுவாகச் சாய்ந்து படுத்தன, வேரோடு விழுந்த மரங்களைப் போல. எல்லாவற்றிலும் ஒரு விரல் நீண்டிருந்தது. எல்லா விரலும் ஒரே திசையில், சுவரோடு ஒட்டி நின்றவரைப் பார்த்து.

ஒடெஸாவின் கையிலிருந்த கொடியின் கம்பியும் மெல்ல வளையத் தொடங்கியது.