காத்திருக்கச் சொன்ன மஞ்சள் அட்டை

செத்துப்போன பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவன் நெற்றியில் கண்ணாடித்துண்டு ஒட்டியிருந்தது. இன்னொருத்தி கழுத்தில் சிவப்புச் சாயம் வழிய, "அண்ணே, சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். எல்லாம் வேஷம்தான். 

அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவசரப் பிரிவில் நர்ஸ். அந்த ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேரிடர் ஒத்திகை நடக்கும். அன்றைய கதை, பாலத்திலிருந்து பஸ் கவிழ்ந்து அறுபது பேருக்கு அடி. கல்லூரிப் பிள்ளைகள் நடிப்பார்கள். நாடி எத்தனை, மூச்சு எத்தனை, என்ன பேசவேண்டும் என்று ஒவ்வொருவர் கழுத்திலும் சீட்டு தொங்கும். வாசலில் நின்று, ஆளுக்கு அரை நிமிஷத்தில் பார்த்து, மணிக்கட்டில் அட்டை கட்டுவது அவள் வேலை. சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் காத்திருக்கலாம். பச்சை என்றால் நடந்து போகலாம். கறுப்பு என்றால்... அவ்வளவுதான்.

கறுப்பு பன்னிரண்டு பேரும் முன்கூட்டியே அடித்தளத்துக் கார் நிறுத்துமிடத்தில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்துவிட வேண்டும். விசில் அடிக்கும்வரை அசையக்கூடாது, பேசக்கூடாது. யாருக்காவது உண்மையிலேயே உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் "நிஜம்" என்று மூன்று தடவை சொல்லவேண்டும். சொன்னால் ஒத்திகை மொத்தமும் நின்றுவிடும்.

பன்னிரண்டில் ஒருத்தி அவள் தங்கை. வீட்டில் சில்லறை என்று கூப்பிடுவார்கள். சிரித்தால் தரையில் சில்லறை கொட்டின மாதிரி இருக்கும். அடக்கத் தெரியாது.

"அக்கா, நடுவுல சிரிப்பு வந்துட்டா?"

"செத்தவங்க சிரிக்க மாட்டாங்கடி. உதட்டைக் கடிச்சுக்கோ. என் மானத்த வாங்கிடாத."

துணியை முகம்வரை இழுத்துவிட்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் பன்னிரண்டு பிணத்தைப் பார்த்தால் அலறிவிடுவார்களே என்று, கார் இறங்கும் சாய்தளத்து ஷட்டரை இறக்கச் சொன்னதும் அவள்தான். கரண்ட் போன மாதிரி ஜெனரேட்டரையும் ஓடவிட்டார்கள். பக்கத்து அறையில் அது உறுமத் தொடங்கியது.

ஒத்திகை ஆரம்பித்து முக்கால் மணி நேரம். அவள் கை ஒரு அட்டைகூடத் தப்பாகக் கட்டவில்லை. கட்டவும் கட்டாது. நாலு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு இருந்த பெருமையே அதுதான்... கொஞ்சம் தலைக்கனம் என்றும் சொல்லலாம், நாம் என்ன அவளுக்குச் சொந்தமா பந்தமா, மறைப்பதற்கு?

அப்போதுதான் அவன் வந்தான்.

கீழ்ப்படியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து அவள் முன்னால் சரிந்து உட்கார்ந்தான். நீலச் சட்டை, கையெல்லாம் கிரீஸ். முகம் சிவந்திருந்தது. கழுத்தில் சீட்டு இல்லை.

"சீட்டு எங்க?"

"என்ன சீட்டு... நான் ஜெனரேட்டர் மெக்கானிக்குங்க. சத்தம் ஒரு மாதிரியா வருதுன்னு பார்க்க வந்தேன்..."

சிரிப்பு வந்தது அவளுக்கு. குழம்பிப்போன நோயாளி என்று சிலருக்குச் சீட்டில் எழுதியிருக்கும். காலையிலிருந்து ஒருவன் தன்னை நீதிபதி என்றான், ஒருத்தி கல்யாணப் பொண்ணு என்றாள். இவன் மெக்கானிக்காம்.

"நல்லா நடிக்கிறீங்க. விரல நீட்டுங்க."

விரலில் கருவியை மாட்டினாள். ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பது. இவனுக்கு ஒரு கேடும் இல்லை. பேச்சுதான் குழறுகிறது. மஞ்சள் அட்டையைக் கட்டினாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மழை வெளிச்சத்தில் அந்தக் கண்கள்... யாரோ தூரத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தன. நடிப்பில் இப்படி ஒரு பார்வை வருமா? அவள் கை ஒரு விநாடி அங்கேயே நின்றது.

"உங்க கை சில்லுனு இருக்கு..." என்றான். பிறகு, "கீழ யாருமே பேச மாட்டேங்கிறாங்க."

"அவங்கல்லாம் செத்துட்டாங்க. எப்படிப் பேசுவாங்க?"

"போகும்போது ஒரு துணி குலுங்கிட்டே இருந்துச்சு. ஒரு பொண்ணு... சிரிப்ப அடக்க முடியாம. நான்கூட சிரிச்சிட்டேன்." அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். "திரும்பி வரும்போது குலுங்கல."

அவள் கருவியை மறுபடி பார்த்தாள்.

சில்லறையாவது... சிரிக்காமல் இருப்பதாவது? தொண்ணூற்றொன்பது... அந்தக் கருவி ஒரே ஒரு இடத்தில் பொய் சொல்லும். ரத்தத்தில் விஷப்புகை ஏறியிருந்தால், அதையும் ஆக்சிஜன் என்றே காட்டும். பாடத்தில் படித்தது. பரீட்சையில் எழுதியது. ஜெனரேட்டர் பக்கத்து அறையில். ஷட்டர் கீழே...

"நிஜம். நிஜம். நிஜம்."

அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. பெரிய டாக்டர் விசிலை ஊதினார். சாயம் பூசிய நாற்பது ஐம்பது பேர் எழுந்து நின்று விழித்தார்கள். "சிவப்பு பட்டன்... படிக்குக் கீழ... அத அமுக்கினா ஜெனரேட்டர் நின்னுடும்" என்று அவன் முனகியது பின்னால் கேட்டது; யாரோ அதை அமுக்க ஓடினார்கள். அவள் மழையில் சுற்றி ஓடி, வெளியிலிருந்து காவலாளியோடு சேர்ந்து ஷட்டரைத் தூக்கினாள்.

வெளிச்சம் உள்ளே போனது. பன்னிரண்டு வெள்ளைத் துணிகள். விசில் அடித்தாகிவிட்டது. ஒருவரும் எழவில்லை.

அந்தக் காட்சியை அவள் இன்றைக்கும் கனவில் காண்கிறாள். ஒவ்வொரு துணியாக இழுத்தாள். ஒருவன் முனகினான். ஒருத்தி வாந்தி எடுத்தாள். ஏழாவது துணியில் தங்கை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. உதட்டில் பல் பதிந்திருந்தது... அக்கா சொன்னபடியே கடித்துக்கொண்டிருக்கிறாள், பாவி மகள். பக்கத்தில் கிடந்தவனுக்கு மூச்சே விட்டுவிட்டு வந்தது. சிவப்பு அவனுக்குத்தான். தங்கையைத் தாண்டி அவனிடம் போனாள். அவனை வெளியே இழுக்கும்போது அவள் கண்ணிலிருந்து ஓடியது மழையா வேறா என்று யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு பேரும் பிழைத்தார்கள். ஜெனரேட்டரின் உடைந்த புகைக்குழாயை மாற்றினார்கள். மெக்கானிக் இரண்டு நாள் மூக்கில் ஆக்சிஜனோடு கிடந்தான்.

ஆனால் சில்லறை சிரிக்கவில்லை. மாலையில் கண் திறந்ததும், "நான் சிரிக்கவே இல்ல பார்த்தியாக்கா" என்றாள். அதோடு சரி. வீட்டில் சாப்பிடுவாள், படிப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். சிரிப்பு மட்டும் வரவில்லை. வாய்வரை வந்ததும் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அம்மா அதைப் பார்ப்பாள், பிறகு பெரியவளைப் பார்ப்பாள். திட்டியிருந்தாலாவது தேவலை. ராத்திரி அந்த வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும் பேசும்.

இதில் அந்த மெக்கானிக் வேறு. குணமான பிறகு எமர்ஜென்சி விளக்கைப் பார்க்கிறேன் என்று வாரத்துக்கு இரண்டு தடவை வந்தான். எரிகிற விளக்கைக் கழற்றி, துடைத்து, அதையே மாட்டினான். ஆஸ்பத்திரியே அவளை சிஸ்டர் என்றது. அவன் மட்டும் மறந்தும் சொல்லவில்லை.

"நர்சம்மா, சௌக்கியமா?"

"விளக்கு எரியுதில்ல. கிளம்புங்க."

"நான் எரியறதப் பத்திக் கேக்கலயே..."

"எனக்கு வேலையிருக்கு."

முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிடிக்காமலா? அவன் காலடிச் சத்தம் படியில் கேட்டாலே நெஞ்சு தடதடக்கிறது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது? உண்மையைச் சொன்னவனிடம் நல்லா நடிக்கிறீங்க என்றவள் நான். தங்கையின் சிரிப்பைப் பூட்டியவள் நான். எனக்கெல்லாம் என்ன காதல்... என்று தனக்குத்தானே கறுப்பு அட்டை கட்டிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து அடுத்த ஒத்திகை. இந்தத் தடவை செத்தவர்களுக்கு மேல்மாடி வராந்தா, எல்லா ஜன்னலும் திறந்து. அவள் எழுதிக் கொடுத்த புது விதி ஒன்றும் சேர்ந்திருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸ் ஒவ்வொரு துணியையும் தூக்கிப் பார்க்கவேண்டும், படுத்திருப்பவர் கட்டைவிரலைக் காட்டவேண்டும். அந்த வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நானும் படுப்பேன்" என்று பிடிவாதமாகச் சில்லறையும் வந்திருந்தாள். "பயந்துக்கிட்டே இருந்தா எப்படிக்கா?"

அன்றைக்கும் மழை. வராந்தாவில் பன்னிரண்டு வெள்ளைத் துணிகள், காற்றில் ஓரம் மட்டும் அசைய... அவள் குனிந்தாள். முதல் துணி. கட்டைவிரல். இரண்டாவது. கட்டைவிரல். ஏழாவதைத் தூக்கினாள். தங்கை. கண்ணை மூடியபடி கட்டைவிரலைக் காட்டினாள். உதட்டில் பல்.

எட்டாவது துணியைத் தூக்கினாள்.

அந்தக் கண்கள்... இந்தத் தடவை தூரத்தில் இல்லை. ரொம்பப் பக்கத்தில் இருந்தன.

"நீங்களா? கட்டைவிரல் எங்க?" குரலை அடக்கிக் கேட்டாள்.

அவன் விரலைக் காட்டவில்லை. முழுக்கைச் சட்டையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினான். நைந்து, கிரீஸ் படிந்து, அவள் கட்டிய முடிச்சு அவிழாமல்... அந்த மஞ்சள் அட்டை.

"இத இன்னும் கழட்டலயா?"

"மஞ்சள்னா காத்திருக்கலாம்னுதானே அர்த்தம்? மூணு மாசமா காத்திருக்கேன்."

"அது நான் தப்பாக் கட்டின அட்டைங்க..." என்றாள். "உங்க பேச்ச நம்பாமக் கட்டினது. அதப் பார்த்தாலே எனக்கு..."

"நான் சொன்னத அரை நிமிஷத்துல நம்பினீங்க. வேற யாரா இருந்தாலும் அந்த அட்டையோட என்னை ஓரமா உக்கார வச்சிருப்பாங்க. பன்னிரண்டு பேரும் போயிருப்பாங்க." அவன் மெதுவாகச் சொன்னான். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. அன்னிக்கே பிடிச்சுது. தலை சுத்தினது புகையாலதான்னு டாக்டர் சொல்றாரு. அவருக்கு முழுசாத் தெரியாது."

"செத்தவங்க பேசக்கூடாது."

"பதில் சொல்லுங்க, மறுபடி செத்துடறேன்."

பக்கத்துத் துணி அசைந்தது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஏழாவது துணி லேசாக நடுங்கியது. மூச்சுத் திணறலா? பாய்ந்து துணியை இழுத்தாள். சில்லறையின் முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, உதடு பல்லிலிருந்து நழுவி... கொட்டிவிட்டது. வராந்தா முழுக்கக் கொட்டியது அந்தச் சிரிப்பு. மூன்று மாதச் சேமிப்பு.

"மன்னிச்சுக்கக்கா... மறுபடி செத்துடறேனாம்... முடியலக்கா..."

அவள் தங்கையின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். செத்தவர்களில் நாலைந்து பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டாவது துணியின் பக்கம் குனிந்தாள்.

"நிஜம்" என்றாள். "நிஜம்..."

அவன் காத்திருந்தான்.

"மூணாவது சொன்னா ஒத்திகை நின்னுடும். கீழ நாற்பது பேர் இருக்காங்க." துணியை அவன் முகம்வரை இழுத்துவிட்டாள். "காத்திருங்க."

பிறகு ஒன்பதாவது துணியைத் தூக்கினாள். பத்தாவது. பதினொன்று. பன்னிரண்டு. மறுபடி முதலிலிருந்து. இரண்டு சுற்று முடிந்து, மழை விட்டு, கீழே விசில் அடித்தது. பன்னிரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அவள் அவனிடம் போய், மணிக்கட்டைப் பிடித்து, மூன்று மாத முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தாள்.

"நிஜம்."