வீரபாகு சாரின் மைக்ராஸ்கோப்

எருமப்பட்டியில் மதியத்திலிருந்தே கரண்ட் இல்லை. காலையிலிருந்து ரத்தம் எடுத்து எடுத்து என் இடுப்பு ஒடிந்திருந்தது. ஆஸ்பத்திரி லேப்பைப் பூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று செருப்பைத் தேடியபோதுதான் கிருத்திகா ஓடி வந்தாள். தோளில் அவள் மகள் துவண்டு கிடந்தாள்.

"பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்துருச்சுங்க ரஞ்சனியக்கா. மலேரியாவான்னு உடனே பாத்துச் சொல்லோணுமாம், டாக்டர் சொன்னாருங்க."

லீவுக்கு அப்பாவின் போர் போடும் ரிக் வண்டியோடு ஒடிசா போய் வந்த பிள்ளை. காலையில் காய்ச்சல் என்று வந்த அந்த அப்பாவின் ரத்தத்தையும் நான்தான் பார்த்தேன். கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மதியமே மறுபடி வண்டி ஏறிவிட்டார்.

கரண்ட் மைக்ராஸ்கோப் குருடாகிக் கிடந்தது. அலமாரியில், எனக்கு முன்னால் இந்த லேப்பைப் பார்த்துக்கொண்ட வீரபாகு சாரின் பழைய பித்தளை மைக்ராஸ்கோப் இருந்தது. அதற்கு பல்பு கிடையாது. அடியில் இருக்கும் வட்டக் கண்ணாடி, ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்துக் குழாய்க்குள் அனுப்பும். அந்தக் குழாயில் கண் வைத்தபடியேதான், விரலிடுக்கில் மூக்குப்பொடியோடு, சார் போன வருடம் செத்துப்போனார்.

பிள்ளையின் ரத்தத்தை ஸ்லைடில் தடவி, சாயம் போட்டு, கிளிப்பில் செருகினேன். ஒற்றைக் குழாயில் பார்க்கும்போது மறு கண்ணையும் திறந்தே வைப்பது எங்கள் பழக்கம். ஒரு கண்ணில் சிவப்பணுக்கள், மறு கண்ணில் மேசை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. இல்லை என்றே எழுதிவிடலாம் என்று இரண்டு கைகளையும் மடியில் போட்டேன்.

ஸ்லைடு நகர்ந்தது.

ஒரு கண்ணில் அணுக்கள் இடப்பக்கம் ஓடின. மறு கண்ணில் ஸ்லைடு வலப்பக்கம் போனது. தள்ளுகிற விரல் மட்டும் தெரியவில்லை. காதருகே மூக்குப்பொடி வாசம்.

நின்றது.

நடுவில், ஓர் அணுவுக்குள், சின்ன ஊதா மோதிரம். மலேரியாதான்.

டாக்டரிடம் ஓடினேன். ஊசி ஏறியது. பொழுது சாயும்போது பிள்ளை கண் விழித்து அம்மாவைக் கூப்பிட்டது.

லேப்பைப் பூட்டத் திரும்பி வந்தேன். கரண்ட் இன்னும் வரவில்லை. அறை இருட்டு. குழாயின் வாயில் மட்டும் வெளிச்சம்.

"போதுமுங்க சார். முடியலீங்க. நான் ஊட்டுக்குப் போறேன்." எனக்கு அழுகை வந்தது.

திருகு மெல்லத் தானாகத் திரும்பியது.

பிள்ளையின் ஸ்லைடு என் கோட்டுப் பையில் இருந்தது. கிளிப்பில் இருந்தது வேறு. ஒட்டியிருந்த பெயரைப் படித்தேன்.

பிள்ளையின் அப்பாவுடையது.

குழாயில் கண் வைக்கவே இல்லை. கிருத்திகாவைப் போனில் கூப்பிட்டேன். "உங்க ஊட்டுக்காரரை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. காலையில நான் சரியாப் பாக்கலீங்க."

வெளிச்சம் அணைந்தது.

அப்பாடா என்று கதவை இழுத்தேன். உள்ளே, காலையில் நான் பார்த்து முடித்த தட்டிலிருந்து, அடுத்த ஸ்லைடை யாரோ எடுக்கும் சத்தம் கேட்டது.