கோம்பைக் குட்டியும் பத்து, ஆறு சீட்டும்

மகாராணி நாய்க்குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டே படியேறி வந்தாள். போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்குக் கல்யாண விசாரணைகள் வரும், தொலைந்த பைக்குகள் வரும். நாய்க்குட்டி வந்தது அதுவே முதல் தடவை. காமராஜ் ஆவலாய் நிமிர்ந்து உட்கார்ந்தான். அலுவலகம் அவன் மனைவி முத்துப்பிரியாவுடையது. ஜீப் ஓட்டுவதும் எல்லாரையும் சந்தேகப்படுவதும் அவன் பொறுப்பு.

"அக்கா, இதை நான் ஜெயிச்சேனா, எம் புருசன் பிச்சை போட்டாரா? நீங்கதான் சொல்லணும். பிச்சைன்னா இன்னிக்கே திருப்பிக் கொடுத்துருவேன்" என்றாள் மகாராணி. சொல்லும்போதே குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். குரங்கணியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்கள் மழைக்காலத்தில் மொத்த வியாபாரி கோட்டைச்சாமியின் சரக்குக் கிட்டங்கியில் கூடிப் போக்கர் சீட்டு ஆடுவார்கள். காசு கிடையாது, ஏலக்காயை வைத்துத்தான் ஆட்டம். இந்த வருஷப் பரிசு ஒரு கோம்பை நாய்க்குட்டி. கடைசியில் மிஞ்சியது மகாராணியும் அவள் கணவன் அழகுராஜாவும். அவள் ஜெயித்தாள். பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டான் என்று மறுநாளே ஊர் சிரித்தது.

"அவரைக் கேட்டியா?" என்றாள் முத்துப்பிரியா.

"கேட்டாச் சிரிக்கிறாரு. அந்தச் சிரிப்புதான்க்கா எனக்கு ஆகல."

மகாராணியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குரங்கணிக்கு மலையேறும் வழியெல்லாம் காமராஜ் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தான். "விட்டுத்தான் கொடுத்திருக்கான் பிரியா. நானா இருந்தாலும் கொடுத்திருப்பேன்."

"நீங்க தாயத்துலயே அழுகுணி ஆடுற ஆளு மாமா. ரோட்டைப் பாருங்க."

கிட்டங்கியில் அழகுராஜா மூட்டைமேல் சாய்ந்து சிரித்தபடி நின்றான். பேசியது கோட்டைச்சாமிதான்.

"நான் பக்கத்துலதான்மா இருந்தேன். இவன்கிட்ட மிச்சம் முப்பது காய் இருக்காது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டாயமா வைக்கிற பிளைண்டு எட்டுக் காய்க்கு ஏறிப்போச்சு. மனுசன் நல்ல சீட்டுக்குக் காத்துக் கிடக்க வேணாமா? குப்பைச் சீட்டை வச்சுக்கிட்டு இருக்கிற காய் மொத்தத்தையும் நடுவுல தள்ளுறான்! ரெண்டு தடவை இந்தப் புள்ள பயந்து மடக்கிருச்சு. மூணாவதா பத்தும் ஆறும் வச்சுத் தள்ளுனான். இவ மடக்காம, ராஜாவை வச்சு ஈடுக்குக் காய் போட்டுப் பிடிச்சுட்டா. முடிஞ்சது சோலி."

காமராஜ் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான். அவன் சொன்னதுதானே! முத்துப்பிரியா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணே, விலை ஏறட்டும்னு மூட்டையை அடுக்கி வைக்கிற தொழில் உங்களுக்கு. காத்திருக்கிறதுதான் அதுல புத்தி. அதே கண்ணால ஆட்டத்தையும் பாத்துட்டீங்க. ரெண்டே பேரு ஆடும்போது பிளைண்டு கையிருப்பைத் தின்னுக்கிட்டே இருக்கும். எலி பூந்த கிட்டங்கியில மூட்டையை வச்சுக் காத்திருப்பீங்களா?"

"ஏன் காக்கிறேன்? வந்த விலைக்குத் தள்ளிருவேன்."

"அவரும் அதைத்தான் செஞ்சாரு. முந்தித் தள்ளுனா எதிராளி பயந்து மடக்கலாம், சும்மாவே காய் வந்துரும். பிடிச்சாலும் பத்து, ஆறு மூணுல ஒரு தரமாவது ஜெயிக்கும்."

"தோக்கணும்னே தள்ளியிருந்தா?" என்று காமராஜ் விடாமல் கேட்டான்.

"அதுக்கு இதைவிட லேசான வழி இருக்கு மாமா. சீட்டை மடக்கிக்கிட்டே இருக்கலாம். பாவம், நல்ல சீட்டே வரலைன்னு ஊரே உச்சுக் கொட்டியிருக்கும், ஒருத்தருக்கும் சந்தேகம் வந்திருக்காது. மகாராணி மடக்கின ரெண்டு தடவையும் இவருக்குக் காய் ஏறியிருக்கு. தோக்க நினைக்கிறவரு எதுக்கு ஏத்தணும்?"

எல்லாரும் அழகுராஜாவைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"ஆமாக்கா, ஜெயிக்கத்தான் பாத்தேன்" என்றான் தரையைப் பார்த்தபடி. "குட்டி மேல எனக்கும் ஆசை. தோத்தப்புறம் பாத்தா, ஊரு என்னைத் தங்கமான புருசன்னு சொல்லுது. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

சண்டை வரப்போகிறது என்று காமராஜ் ஓரடி பின்வாங்கினான். ஆனால் மகாராணியின் முகம் அப்படி மலர்ந்ததை அவன் எதிர்பார்க்கவில்லை.

"நெசமாவே என்னைத் தோக்கடிக்கப் பாத்தீங்களா?"

"உசுரைக் கொடுத்துப் பாத்தேன்."

"முடியலல்ல?"

"முடியல."

அவள் குட்டியைத் தூக்கி அவன் கையில் வைத்தாள்.

"அப்ப இது என் குட்டி. வீடு வரைக்கும் நீங்க தூக்கிட்டு வாங்க."