மூக்காயிக்குப் பக்கத்தில்

அட்டைகள் முத்துவீரன்மேல் ஏறவில்லை.

முன்னால் நடந்த வெள்ளையம்மாளின் கால்களில் ரத்தம் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. அவள் அடிக்கொருதரம் குனிந்து, புகையிலையும் சுண்ணாம்பும் முடிந்த துணியை அட்டையின்மேல் ஒற்றி, உதறிவிட்டு நடந்தாள். அதே ஈரச் சருகில், அதே ரப்பர் மரங்களுக்கு நடுவே, வேட்டியை மடித்துக் கட்டி வெறுங்காலோடு வரும் அவன் கால்கள் மட்டும் கழுவித் துடைத்ததுபோல் இருந்தன. புல் நுனியில் எழுந்து நின்று தலையை ஆட்டித் தேடுகிற அட்டைகள், அவன் கிட்டே வந்ததும் சுருண்டு கீழே விழுந்தன. அசலூர்க்காரன் ரத்தம் ருசிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

ஜெர்மன் சண்டை ஓய்ந்திருந்த சமயம் அது. மாமனின் கருமாதி முடிந்த கையோடு முத்துவீரன் ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறியிருந்தான். கைக்குழந்தையாக அவனை இலங்கையிலிருந்து தூக்கிவந்து வளர்த்தவர் அந்த மாமன். அப்பனும் ஆத்தாளும் பேதியில் போனார்கள் என்பதற்குமேல் அவர் கடைசிவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எந்தத் தோட்டம் என்று கேட்டாலே எழுந்து போய்விடுவார். இப்போது ஊரில் முத்துவீரன் பெண்டாட்டி தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பிறக்கிற பிள்ளைக்குப் பாட்டன் பாட்டி கிடக்கிற இடமாவது தெரிய வேண்டாமா, அங்கே ஒரு கல் நட்டு விளக்கேற்ற வேண்டாமா என்ற தவிப்பு அவனை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. கஹவத்தைப் பக்கம் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினான். காடு மண்டிய பழைய புதைகாடுகளில் குழிமேட்டில் நடும் குரோட்டன் செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்தான். செல்லையா, மூக்காயி என்ற இரண்டு பேர்களைத் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசல்தோறும் சொல்லிச் சொல்லி அலைந்தவனை, யாரோ புளத்கொகுபிட்டிய மலைக்கு அனுப்பினார்கள்.

அங்கேதான் வெள்ளையம்மா இருந்தாள். "மூக்காயியா? லயத்துல என் பக்கத்துக் காம்பராக்காரி, தம்பி. நாந்தான் குளிப்பாட்டி அனுப்புனேன்," என்றாள். சொந்தக்காரன் என்று அவன் சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது. ரப்பர் பால் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வழிகாட்டக் கிளம்பிவிட்டாள்.

மழை விட்டிருந்தது, மரங்கள் விடவில்லை. மரத்தண்டுகளில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகளில் தண்ணீர் சொட்டும் ஓசை முன்னும் பின்னும் கேட்டது. யாரோ தள்ளித் தள்ளி நடந்து கூடவே வருவதுபோல் இருந்தது. புளித்த ரப்பர் பாலின் நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மேலே போகப் போக வரிசை மரங்கள் நின்று, ரப்பருக்கு முந்திய கோப்பிக் காலத்துப் புதர்கள் தொடங்கின. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

பாதி மண்ணுக்குள் போன கற்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் காடாய் வளர்ந்த குரோட்டன்.

"இது செல்லையா அண்ணன்," என்று வெள்ளையம்மா கையை நீட்டினாள். "இது மூக்காயி."

முத்துவீரன் விழுந்து கும்பிட்டான். எழுந்தபோதுதான் மூக்காயிக்கு அந்தப் பக்கம் புல்லுக்குள் ஒரு பள்ளம் தெரிந்தது. சுற்றிலும் அத்தனை சருகு. பள்ளத்தில் ஒன்றுகூட விழவில்லை.

"அது யாரு?"

"அது அவங்க புள்ள. ஆம்பளப் புள்ள. ஆத்தா போன மறுநா அதுவும் போயிருச்சு."

"வேற புள்ளைங்க?"

"ஏது வேற? ரொம்ப நாளு ஏங்கிப் பெத்த ஒத்தப் புள்ள தம்பி."

"அந்தப் புள்ள சாகல பெரியம்மா. அது நாந்தான். மாமன் வந்து என்னயத் தூக்கிட்டுப் போனாரு."

வெள்ளையம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கண்ணைத் தாழ்த்தி அவன் கால்களைப் பார்த்தாள். ஒரு எட்டு பின்வாங்கினாள்.

"மாமன் வந்தது நெசந்தான். புள்ளயப் பொதச்ச பொறகுதான் வந்தாரு. வெறச்சுப் போன புள்ளய நான் இந்தக் கையாலதான் குழியில வச்சேன். அந்த மனுசன் இங்கனயே ஒக்காந்து அழுதாரு, எந்திரிக்கவே மாட்டேனுட்டாரு. விடிஞ்சு பாத்தா ஆளு இல்ல. குழி தொறந்து கெடந்துச்சு. நரி தோண்டிருச்சுன்னு..." அவள் குரல் அடங்கிற்று. "எத்தன தடவ மூடுனாலும் மண்ணு நிக்கல தம்பி."

அவனைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தாள். புதரைத் தாண்டியதும் ஓடினாள். சருகு மிதிபடும் சத்தம் இறக்கத்தில் கேட்டுத் தேய்ந்தது.

கிழவிக்குப் புத்தி பிசகியிருக்கும். வேறு யாருடைய பிள்ளையையோ நினைத்துக்கொண்டு சொல்கிறாள். போய்விடலாம். முத்துவீரன் அப்படித்தான் நினைத்தான். கால் பள்ளத்தின் பக்கம் நகர்ந்தது.

தூரத்தில் பார்க்கையில் கைக்குழந்தை அளவுதான் தெரிந்தது. கிட்டே வர வர நீண்டது. விளிம்பில் நின்றபோது அவன் நீளம் இருந்தது. அவன் தோளகலம் இருந்தது. மண்வெட்டி பட்ட தடம் எங்கும் இல்லை. பக்கங்களெல்லாம் விரலால் வழித்து வழித்து மெழுகியதுபோல் இருந்தன.

உள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. பிண நாற்றம் இல்லை. தாய்ப்பால்.

சிரட்டைகளின் சொட்டு நின்றிருந்தது. பூச்சிகளும் நின்றிருந்தன.

மண் உதிர்ந்தது. கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். மூக்காயி கிடந்த பக்கத்துச் சுவரில்.

ஓட நினைத்தான். உட்கார்ந்திருந்தான். எப்போது உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. கால்கள் இரண்டும் குழிக்குள் தொங்கின.

சுவர் பிளந்தது. விரல்கள். மணிக்கட்டு. முழங்கை வரை ஒரு கறுத்த கை.

அது அவசரப்படவில்லை. குழியின் தரையை மெல்லத் தடவியது. தூக்கக் கலக்கத்தில், கண்ணைத் திறக்காமலே, பிள்ளை பக்கத்தில் கிடக்கிறதா என்று தாய் தடவிப் பார்ப்பாளே, அப்படி. இங்கே இல்லை. அங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி.

கணுக்காலில் பட்டது.

கை நின்றது. மேலே ஏறி, முழங்காலைத் தொட்டு, இவன்தானா என்று பார்த்தது. பிறகு நிதானமாக, விட்டு விட்டு, தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.